பழைய லாப் ஸ்டீல் கிட்டாரைப் புதுசாக்காமல் பாடவைப்பது

பழைய மின்சார லாப் ஸ்டீல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் துணியை எடுத்துப் பளபளவென்று துடைக்கத்தான் தோன்றும். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எழுபது, எண்பது வருட அழுக்கோடு சேர்ந்து எழுத்தும் கோடும் முலாமும் போய்விட்டால் திரும்ப வராது. இந்த வாத்தியத்தின் குரலைத் தீர்மானிப்பவை பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் கம்பிச் சுருளும்), இரண்டு பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருப்பவை), ஒரு ஜாக் (கேபிள் செருகும் துளை), தந்தியின் இரண்டு முனையையும் தாங்கும் நட் (தலைப்பக்கம்), பிரிட்ஜ் (உடம்புப் பக்கம்) ஆகியவைதான். ஃப்ரெட் (சாதாரண கிட்டாரின் கழுத்தில் இருக்கும் உலோகக் கட்டை) தேயாது, ஏனென்றால் இங்கே ஃப்ரெட்டே கிடையாது, வெறும் கோடுகள்தான். கழுத்து வளைவதும் அபூர்வம். அதனால் புதிதாகக் கற்றுக்கொள்பவர் தைரியமாகக் கைவைக்கக்கூடிய பழைய வாத்தியம் இதுதான். ஆனால் கைவைக்கும் வரிசை முக்கியம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கி வாசிப்பது லாப் ஸ்டீல். சித்திரவீணை கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அங்கே கருங்காலிக் கட்டையோ டெஃப்லான் துண்டோ செய்கிற வேலையை இங்கே எஃகு செய்கிறது.

கையில் இருப்பது எது?

உடம்பு என்ன பொருளால் ஆனது என்பதை முதலில் பாருங்கள். ஆபத்தும் பராமரிப்பும் அதைப் பொறுத்தே மாறும்.

1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. ஸ்டீல் கிட்டாரில் ராகம் மேலே கேட்க வேண்டும், ஆனால் வாத்தியக் குழுவுக்கு நடுவே அதன் சத்தம் அமுங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க ஜார்ஜ் போஷாம்ப் கண்டுபிடித்த பிக்கப்போடு, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கூட்டில் 1932-இல் கடைக்கு வந்ததுதான் வாணலி போல வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியும் கொண்ட 'ஃப்ரையிங் பேன்'. மின்சார கிட்டாரின் கதை இப்படி மடியில்தான் தொடங்கியது. அதன் உடம்பு அலுமினிய வார்ப்பு. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிய, சுருதி நகர்ந்துவிடும். இன்றும் அப்படித்தான், வெயிலில் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டு ஏசி அறைக்குள் கொண்டுபோனால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். அது பழுதல்ல.

1935-இல் ரிக்கன்பேக்கர் கம்பெனி பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. பேக்கலைட் கனமானது, கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியது. கழுத்தும் உடம்பும் போல்ட்டால் இணைந்த மாடல்களில் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் விரிசல் விழும். விரல் பலத்தோடு நிறுத்துங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பழைய பேக்கலைட் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவது வகை, மரத்தின்மேல் முத்துச்சிப்பி மாதிரி மினுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது. சூப்ரோ, நேஷனல் பெயர்களில் சிகாகோவின் வால்கோ கம்பெனி செய்தவையும், 1949-இல் வந்த ஃபெண்டர் சாம்பியனும் இந்தக் கூட்டம். புதியவர் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். அந்தத் தாளின் பெயர் பேர்லாய்ட். கக்கூஸ் இருக்கை மூடிக்கும் இதே தாளை ஒட்டிய காலம் என்பதால் அமெரிக்கர்கள் இன்றுவரை இதைக் கிண்டலடிப்பார்கள். கிண்டல் இருக்கட்டும், இது செல்லுலாய்ட். சட்டென்று தீப்பிடிக்கும். ஹீட் கன், மெழுகுவத்தி, சால்டரிங் அயர்ன் எதுவும் அருகில் வரக்கூடாது. அசிட்டோனும் தின்னரும் அதைக் கரைத்துவிடும்.

வருடத்தைக் கண்டுபிடிக்க உள்ளே இருக்கும் வால்யூம் பாட்டின் முதுகைப் பாருங்கள். 304532 என்று பொறித்திருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி (137 என்றால் சி.டி.எஸ்.), 5 என்பது வருடத்தின் கடைசி இலக்கம், 32 என்பது வாரம். ஆக 1945-ஆகவும் இருக்கலாம், 1955-ஆகவும் இருக்கலாம். மாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்காது, அவ்வளவுதான் இந்த எண் சொல்லும். அதுவும் ஈயப் பற்று பழையதாக, மங்கலாக, யாரும் தொடாததாக இருந்தால் மட்டும்.

செருகுவதற்கு முன்

கிட்டாரோடு அதே வயது வால்வு ஆம்ப்ளிஃபயரும் வந்திருந்தால் அதைச் சுவரில் செருகாதீர்கள். அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம்மூர் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் பிரச்சினை முடியாது. அந்தக் காலத்து ஆம்ப்புகளுக்கு இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. மலிவான சிலவற்றில் மின்சாரத்தைத் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. லாப் ஸ்டீல் வாசிப்பவரின் இரண்டு கையும் எந்நேரமும் உலோகத்தின்மேல் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் தங்கும். வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று முள் வயர், புதிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் போட்டு வாங்குங்கள். சோதனைக்கு எர்த் உள்ள சாதாரண சின்ன ஆம்ப் போதும்.

கிட்டாருக்குள் சுவர் மின்சாரம் இல்லை. அங்கே பயமில்லாமல் வேலை செய்யலாம்.

திறக்காமலே தெரிந்துகொள்வது

ஒரு நல்ல கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையில் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள்: ஒரு முள் பிளக்கின் நுனியில், மற்றது உடலில். வால்யூமை முழுக்கத் திறந்து வையுங்கள். டோன் எங்கே இருந்தாலும் கவலையில்லை, அதன் கப்பாசிட்டர் இந்த அளவைத் தடுத்துவிடும்.

சில ஆயிரம் ஓம் காட்டினால் பிக்கப்பின் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது. 2,50,000 அல்லது 5,00,000 ஓமை ஒட்டிக் காட்டினால் நீங்கள் அளப்பது காயிலை அல்ல, வால்யூம் பாட்டை. காயில் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட். பெரும்பாலும் ஜாக்கில்தான், ஒற்றை வயர் இழை எதிர்ப்பக்கம் தொட்டுக்கொண்டிருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஜாக்கின் தகடு தளர்ந்திருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும்.

விற்பவர் சொன்ன அளவும் உங்கள் அளவும் கொஞ்சம் வேறுபட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8,000 ஓம் காட்டிய காயில் 35 டிகிரியில் 8,470 ஓம் வரை காட்டும்.

பிறகு ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். தந்தியைத் தொட்டதும் 'ம்ம்ம்' இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன; முன்பு யாரோ பழுது பார்த்ததன் தடயம். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சல் என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கும். ஒற்றைக் காயில் பிக்கப் என்பதால் டியூப்லைட், டிம்மர் பக்கத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். உட்காரும் திசையை மாற்றினாலே பாதி அடங்கும்.

திறப்பது

தேவையானவை: திருகின் வெட்டில் சரியாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, மூன்று, 40 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயக் கம்பி, கான்டாக்ட் கிளீனர், லைட்டரில் ஊற்றும் நாப்தா, காதுக் குச்சி, தையல் மெஷின் எண்ணெய், மரப் பசை, பல்குத்தும் குச்சி. ஒவ்வொரு படிக்கும் மொபைலில் ஒரு போட்டோ. கழற்றிய திருகை அது வந்த இடத்தின் படத்தை வரைந்த அட்டையில் குத்தி வைத்தால் பின்னால் அல்லாட வேண்டாம். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் நீளமாக இருந்து, தவறான ஓட்டையில் போட்டால் மேல் தகட்டைப் பிதுக்கிவிடும்.

தந்திகளைச் சுற்றுச் சுற்றாக, எல்லாவற்றையும் சமமாகத் தளர்த்துங்கள். குதிரை லாட வடிவக் காந்தமுள்ள பிக்கப்பிலும், வால்கோவின் சில மாடல்களிலும் தந்திகள் பிக்கப்புக்குள்ளேயே புகுந்து போகும். அங்கே தந்தியை வெட்டி இழுத்தால் கூரான முனை காயிலைக் கீறும். வெட்டாமல் முறுக்கை அவிழ்த்து, முனையை நேராக்கி மெல்ல உருவுங்கள்.

திருகு அசையாவிட்டால் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, அதன்பின் தளர்த்தினால் பல நேரம் விடும். ஓட்டை பெரிதாகித் திருகு சும்மா சுற்றினால் பசையில் தோய்த்த பல்குச்சியை உள்ளே வைத்து உடைத்து, காய்ந்தபின் பழைய திருகையே போடுங்கள். மெட்ரிக் திருகை அடித்து இறக்குவது பாவம்.

பாட், கப்பாசிட்டர், காயில்

'கரகர' சத்தம் வரும் பாட்டை மாற்ற வேண்டியதில்லை. கால்கள் இருக்கும் பக்கத்துச் சந்து வழியாகக் கான்டாக்ட் கிளீனரை ஒரு அடி அடித்து, முழுச் சுற்றாக முப்பது தடவை திருப்புங்கள். அடங்காவிட்டால் இன்னொரு தடவை. அப்படியும் நடுவில் சத்தம் செத்துப்போனால் கார்பன் பாதை தேய்ந்துவிட்டது. அதே மதிப்பில் 'லாக்' (லாகரிதமிக்) வகைப் பாட் போடுங்கள். லீனியர் வகை போட்டால் முதல் கால் சுற்றிலேயே சத்தம் எல்லாம் வந்துவிடும். லாப் ஸ்டீலில் சுண்டுவிரலால் வால்யூமை ஏற்றிக்கொண்டே வாசிப்பது பெரிய அழகு, அது கெட்டுப்போகும். கழற்றிய பாட்டைக் கவரில் போட்டு, பெட்டியோடு வையுங்கள்.

மெழுகுத்தாள் கப்பாசிட்டரைப் பார்த்ததும் மாற்றத் தோன்றும். ஆம்புக்குள் இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டியது அது, ஏனென்றால் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் அதன்மேல் நிற்கிறது. கிட்டாருக்குள் அப்படி எதுவும் இல்லை. டோன் திருகு வேலை செய்கிற வரை விட்டுவிடுங்கள். வேலை செய்யாவிட்டால் ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள். மேலே 0.05 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் இன்று கிடைக்கும் 0.047 சரியான மாற்று.

காயில் அறுந்திருந்தால் உடனே ரீவைண்டுக்கு (புதுக் கம்பி சுற்ற) அனுப்பாதீர்கள். பிக்கப் கம்பி தலைமுடி கனம். பரவலாகப் பயன்படும் 42 கேஜ் என்றால் 0.06 மில்லிமீட்டர் சொச்சம். அது நடுச் சுற்றில் அறுவதைவிட, தடித்த வயரோடு பற்றவைத்த முனையில் பச்சை பூத்து அறுவதுதான் அதிகம். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முனைகளையும் பாருங்கள். வெளிச்சுற்றின் முனை விட்டிருந்தால், பல்குச்சி நுனியால் அரைச் சுற்று மட்டும் பிரித்து, 600 நம்பர் உப்புத்தாளை மடித்து அதற்குள் கம்பியை ஒரே ஒரு தடவை மெல்ல உருவினால் எனாமல் போய்ச் செம்பு மின்னும். அதில் ஈயம் பூசி, மெலிந்த புது வயரோடு சேர்த்து, இழுபடாமல் டேப்பால் காயிலோடு கட்டிவிடுங்கள். உள்சுற்றின் முனை அறுந்திருந்தால்தான் ரீவைண்ட். அப்போதும் பழைய பாபின் (கம்பி சுற்றிய சட்டம்), காந்தம், மூடி எல்லாம் அப்படியே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

காயில் நன்றாக இருந்தும் குரல் சோனியாக இருந்தால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். லாடக் காந்தங்களைக் கழற்றினால் இரண்டு முனையையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டை உடனே ஒட்டவையுங்கள். கீழே போடுவது, சுத்தியலால் தட்டுவது இரண்டும் அந்தக் காலத்துக் காந்தத்தின் சக்தியைக் குறைக்கும். பிக்கப் வேலை செய்பவர்களிடம் காந்தத்துக்கு மறுபடி சக்தியேற்றும் கருவி இருக்கும். கொஞ்ச நேர வேலை.

சால்டரிங் செய்யும்போது பாட்டை உடம்பிலிருந்து வெளியே இழுத்து வைத்துச் செய்யுங்கள். மூன்று, நான்கு நொடிக்குமேல் அயர்ன் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ட்யூனர்

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும், திறந்த பல்சக்கரமுள்ள ட்யூனர்களை நாப்தாவில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்தபின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். சொட்டுக்குமேல் போனால் மரம் குடிக்கும். பிளாஸ்டிக் பிடிகள் வெல்லக்கட்டி மாதிரி உதிர்வது சாதாரணம். இன்று செய்யும் மாற்றுப் பிடிகள் கிடைக்கின்றன. ட்யூனரைக் கிட்டாரிலிருந்து கழற்றி, தண்டை அயர்னால் சூடாக்கி, புதுப் பிடியை நேராக அழுத்தினால் உட்கார்ந்துவிடும். கோணலாக உட்கார்ந்தால் ஆறுவதற்குள் திருத்துங்கள், அப்புறம் முடியாது.

துடைப்பது

இப்போது துணியை எடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, நன்றாகப் பிழிந்த மெல்லிய துணி. பேர்லாய்டுக்கும் பேக்கலைட்டுக்கும் இவ்வளவுதான். விரல்பலகைக் கோடுகளும் தலைப்பகுதியின் பெயரும் அச்சு அல்லது ஒட்டுத்தாள் என்றால் அவற்றின்மேல் ஈரமும் வேண்டாம். பேர்லாய்டின் மஞ்சள் அழுக்கல்ல, வயது. தேய்த்து எடுக்க முடியாது. ஓரம் தூக்கியிருந்தால் செல்லுலாய்டுக்கான அசிட்டோன் வகைப் பசையைப் பல்குச்சி நுனியில் துளி எடுத்து உள்ளே தடவி, டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். குரோமின்மேல் துரு இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் வரும். நிக்கல் முலாம் மெல்லியது, அதில் இந்த வித்தை வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் காடி மாதிரியோ கற்பூரம் மாதிரியோ நெடி அடித்து, பக்கத்து உலோகம் பச்சை பூத்திருந்தால் செல்லுலாய்ட் சிதையத் தொடங்கிவிட்டது. மூடிய பெட்டிக்குள் வைக்காமல் காற்றாட வையுங்கள். மதியம் பூட்டிய காரில் விடவே கூடாது.

நட்டும் பிரிட்ஜும்

சாதாரண கிட்டாரிலிருந்து வருபவர்கள் தவறவிடுவது இங்கேதான். எஃகுத் துண்டு நேரானது. அதனால் தந்திகளின் மேல்முதுகு எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அடிமட்டம் ஒன்றாக இருந்தால் போதாது. முதல் தந்தி 0.015 அங்குலம், ஆறாவது 0.036 அங்குலம் என்றால், ஆறாவதன் வெட்டு 0.021 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல், ஆழமாக இருக்க வேண்டும்.

சோதிக்க, துண்டை ஐந்தாம் கோட்டின்மேல் தன் எடையில் மட்டும் படுக்கவைத்து, கண்ணைத் தந்தி மட்டத்துக்கு இறக்கி, பின்னால் டார்ச் அடியுங்கள். எந்தத் தந்திக்கும் துண்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதோ அது தாழ்ந்திருக்கிறது. வாசித்தால் அது 'ஸ்ஸ்' என்று அதிரும். உயர்ந்திருக்கும் மற்றவற்றின் வெட்டை நுண்ணிய அரத்தால் இரண்டு, மூன்று இழுப்பு ஆழப்படுத்தி மறுபடி பாருங்கள். பிறகு பன்னிரண்டாம் கோட்டிலும் அதே சோதனை. ஐந்தில் சரியாக இருந்து பன்னிரண்டில் கசிந்தால் குற்றவாளி பிரிட்ஜ். பழைய நட்டை அரத்தில் வைக்க மனம் வராவிட்டால் அதே அளவில் புதிதாக ஒன்று செய்து போடுங்கள். அதுதான் நல்லதும்கூட.

நட்டிலிருந்து பன்னிரண்டாம் கோடு வரையும், அங்கிருந்து பிரிட்ஜ் வரையும் ஒரே தூரமா என்று அளவு நாடாவில் பாருங்கள். பெரும்பாலான ஆறு தந்தி மாடல்களில் மொத்த நீளம் 22.5 முதல் 23 அங்குலம். பிரிட்ஜ் நகர்ந்திருந்தால் கோடுகள் பொய் சொல்லும்.

தந்தி, சுருதி, துண்டு

சி6 சுருதியில் தொடங்கலாம். தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. நம் கணக்கில் ச க ப த ச க. மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி. மெல்லியதிலிருந்து 0.015, 0.018, 0.022, 0.026, 0.030, 0.036 அங்குலம் பொருந்தும். கடையில் கிடைக்கும் சாதாரண மின்சார கிட்டாருக்கான 0.010 செட்டைப் போட்டு வாசித்தால் துண்டின் கனத்தில் தந்தி தொங்கிச் சுருதி விலகும். அதே செட்டை ஜி பி டி ஜி பி டி சுருதிக்கு ஏற்றினால் ஆறாவது தந்தி மூன்று அரைச்சுரமும் ஐந்தாவது இரண்டு அரைச்சுரமும் ஏற வேண்டும். அறுந்து முகத்தில் அடிக்கும். அந்தச் சுருதிக்குத் தனி செட் இருக்கிறது, 0.016-இலிருந்து 0.056 வரை.

துண்டு முக்கால் அங்குலக் குறுக்களவு, மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒரு முனை உருண்டையான கெட்டி எஃகு. எடை 160 கிராம் வாக்கில். உள்ளே குழாயாக இருக்கும் கண்ணாடி, பித்தளை ஸ்லைடுகள் இதற்கு உதவாது.

துண்டைக் கோட்டின் நேர் மேலே வையுங்கள், ஃப்ரெட் கிட்டாரில் மாதிரி கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அல்ல. தலையைக் குனிந்து நேர் கீழே பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கண் ஏமாற்றிச் சுருதி விலகும். துண்டுக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் தந்தியின்மேல் இழைய வேண்டும். இல்லையென்றால் துண்டுக்குப் பின்பக்கத் தந்தி தனியாக முனகும். பழுதில்லாத பிக்கப்பைப் பழுது என்று நினைத்துப் பலர் திரும்பக் கழற்றுவது இந்த முனகலைக் கேட்டுத்தான்.

காதைப் பழக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர்களான ஜெர்ரி பேர்டையும் சோல் ஹூபீயையும் கேளுங்கள். பேர்ட் ரிக்கன்பேக்கரில் ஒரு சுரத்தை எவ்வளவு மெதுவாக அசைக்கிறார் என்று கவனித்தால் அசைவின் வேகம், அகலம் இரண்டும் பிடிபடும். நம் பக்கத்துக்கும் இந்த வாத்தியம் வந்திருக்கிறது: ஹவாயின் டவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தவர், பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி ராகங்களைக் கிட்டாரில் துண்டு வைத்தே வாசித்தார்.

புதுத் தந்தி போட்ட முதல் இரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், தந்தி நீள்வதுதான் காரணம். மூன்றாம் நாளும் இறங்கினால் ட்யூனரைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள்.